யாளிக்கும் எலும்பு வேண்டும்

(ஓவிய மாணவர்களும் கதை எழுத முனைந்திருக்கும் இளைஞர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புராண விலங்குகளை வரைவது, கதைக்குள் விலங்குத் துணைகளைக் கொண்டுவருவது என இரண்டு பொருள்களைச் சேர்த்து எனக்கு ஒரே தலைப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள். முன்னது ஓவியர் வேலை, பின்னது எழுத்தாளர் வேலை. ஆனால் இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். உலகில் இல்லாத விலங்கை வரைகிறவரும் சரி, உலகில் இருக்கும் விலங்கைக் கதைக்குள் நடமாட விடுகிறவரும் சரி, முதலில் உயிருள்ள ஒரு விலங்கை ஆர அமரப் பார்த்திருக்க வேண்டும். அதன் எலும்பு எங்கே மடங்குகிறது, அது எதற்குப் பயப்படுகிறது, எதை மோந்து பார்க்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர் வரைந்த யாளி வெறும் அலங்காரம். அது தெரியாதவர் எழுதிய குதிரை வெறும் வாகனம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் அதற்கான சான்றுகள்.

மாமல்லபுரத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே பல்லவர் காலக் குடைவரைகளில் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கும். முன்கால்களை ஊன்றி, பிடரி சுருண்டு தொங்க, தூண் முழுவதையும் தலையில் தாங்கியிருக்கும். பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று மக்கள் அழைக்கும் பாறையில், நடுவிலிருக்கும் சிறு அறையைச் சுற்றி 11 யாளித் தலைகள் வளைய வருகின்றன. நூற்றாண்டுகள் கடந்து நாயக்கர் காலத்துக்கு வந்தால் அந்தச் சிங்கம் எழுந்து நின்றுவிடுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அதைப் பார்க்கலாம். பின்கால்களில் நிமிர்ந்து, மூக்கு துதிக்கையாக நீண்டு, தூணை விட்டு வெளியே பாய வருகிறது.

அப்படி ஒரு யாளித் தூணின் முன்னால் நின்று, கீழிருந்து மேலாகப் பாருங்கள். முழு எடையும் பின்பாதங்களில் இறங்குகிறது. ஆகவே விரல்கள் விரிந்து தரையைப் பற்றுகின்றன. நகங்கள் உறையிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. தொடை திரண்டு, இடுப்பு சிறுத்து, விலா மறுபடியும் அகல்கிறது. தாவப் போகிற பூனைக்கு உடம்பு இப்படித்தான் இருக்கும். கழுத்துக்கு மேல் விழி பிதுங்குகிறது, கடைவாய் பின்னால் இழுபடுகிறது, கோரைப்பல் தெரிகிறது. சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே வராது. வெளியே செய்து உள்ளே வைத்தது இல்லை அது. பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, அதே கல்லிலேயே உள்ளுக்குள் செதுக்கி விடுவித்தது. அந்த உருண்டையை எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பு அந்தப் பின்பாதம். உருண்டையில் தெரிவது கைத்திறம். பாதத்தில் தெரிவது, அந்தச் சிற்பி ஒரு விலங்கு எழுந்து நிற்பதை எத்தனை கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பது.

சிங்கம் அந்தச் சிற்பி நாள்தோறும் காணக்கூடிய விலங்காக இருக்கவில்லை. ஆனால் யானை கோயில் வாசலிலேயே நின்றது. பூனையும் நாயும் தெருவில் திரிந்தன. காளை கொட்டிலில் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவற்றின் அசைவை எடுத்துக் கண்ணுக்கு எட்டாததன் உடம்புக்குள் வைத்தார். சிம்ம யாளி, கஜ யாளி, மகர யாளி என்று தலையை மாற்றிக்கொண்டே போனாலும் உடம்பின் கணக்கு மாறவில்லை. யாளி இத்தனை நூற்றாண்டுகள் உயிரோடிருப்பதற்கு அதுதான் காரணம்.

இத்தாலியில் லியோனார்டோ டா வின்சியும் தம் குறிப்பேடுகளில் இதையே சொல்லி வைத்தார். கற்பனை விலங்கு இயற்கையாகத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான ஏதோ ஒரு விலங்கின் உறுப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. டிராகனுக்கு நாயிலிருந்து ஒன்று, பூனையிலிருந்து ஒன்று, முள்ளம்பன்றியிலிருந்து ஒன்று, ஆமையிலிருந்து ஒன்று என்று பட்டியலே தருகிறார். அவருடைய வரலாற்றை எழுதிய வசாரி, இளம் வயதில் லியோனார்டோ ஒரு கேடயத்தில் கொடிய உரு ஒன்றை வரைவதற்காகப் பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, வௌவால் எல்லாவற்றையும் தம் அறைக்குள் கொண்டுவந்து குவித்தார் என்றும், அவை செத்து நாற்றமெடுத்த பிறகும் வேலையில் மூழ்கியிருந்தவருக்கு அது உறைக்கவில்லை என்றும் சொல்கிறார்.

கண்ணால் காணாமலே வரைந்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குப் பரிசாகக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கியது. ஐரோப்பா பல நூற்றாண்டுகளாகக் காணாத விலங்கு. யாரோ எழுதிய விவரத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு டியூரர் அதே ஆண்டில் மரச்செதுக்குப் படமாக அதை வெளியிட்டார். உடம்பெங்கும் இரும்புக் கவசம் பூட்டியது போல வரைந்தார். கால்களில் செதில் வைத்தார். பிடரிக்குப் பின்னால் இல்லாத ஒரு சிறு கொம்பையும் சேர்த்தார். ஆனாலும் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியருக்குக் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான். பிழைகள் நிறைந்த படம் எப்படி நிலைத்தது? இந்தியக் காண்டாமிருகத்தின் தோல் உண்மையிலேயே மடிப்பு மடிப்பாக விழுவது. டியூரர் அந்த மடிப்பைத்தான் கவசமாக்கினார். தொங்கும் வயிற்றின் கனத்தைக் கால்கள் எப்படிச் சுமக்கும் என்பதை, வேறு விலங்குகளை வரைந்து வரைந்து பழகிய அவர் கை அறிந்திருந்தது. காணாததை வரையும்போது நமக்குக் கை கொடுப்பது கண்டவற்றில் எடுத்த பயிற்சிதான்.

ஓவிய மாணவர்களுக்கு இங்கே தொழில் சார்ந்த சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

குதிரையின் பின்காலில் பின்னோக்கி வளைந்திருக்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்து வரைகிறவர்கள் பலர். அது முழங்கால் இல்லை, குதிகால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. குதிரை ஒரே விரலின் நுனியில் நிற்கும் விலங்கு. அந்த விரலின் நகம்தான் குளம்பு. நாயும் பூனையும் விரல்களில் நடக்கின்றன. கரடி நம்மைப் போல முழுப் பாதத்தையும் ஊன்றுகிறது. யானை விரல் நுனியில்தான் நிற்கிறது, ஆனால் விரல்களுக்குப் பின்னால் மெத்தென்ற கொழுப்புத் திண்டு இருந்து எடையை வாங்கிக்கொள்கிறது. உங்கள் புராண விலங்கு இவற்றில் எந்த வகையில் நடக்கப் போகிறது என்பதை முதல் கோடு போடும் முன்பே முடிவு செய்யுங்கள். கால் முடிவானால் நடை முடிவாகும், நடையைப் பொறுத்துத்தான் குணம்.

அடுத்தது சிறகு. பறவைக்குச் சிறகு என்பது அதன் கை. மேற்கை, முன்கை, விரல்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வௌவாலின் சிறகு, நீண்டுபோன விரல்களுக்கிடையே விரிந்த தோல். நான்கு கால்களுள்ள குதிரைக்கு முதுகில் சிறகு வைத்தால் அதற்கு ஆறு உறுப்புகள் ஆகின்றன. முதுகெலும்புள்ள விலங்கு எதற்கும் அப்படி இல்லை. அதனால் வைக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வைப்பதானால் இரண்டாவது தோள்பட்டைக்கு இடம் ஒதுக்குங்கள். சிறகை அடிக்கும் தசை பறவைக்கு நெஞ்செலும்பில்தான் ஒட்டியிருக்கிறது. ஆகவே பறக்கும் குதிரைக்கு நெஞ்சு ஆழமாக இறங்க வேண்டும். திரைப்படங்களில் வரும் டிராகன்கள் பல, முன்கால்களையே சிறகாக்கிக்கொண்டு இரண்டு பின்கால்களோடு வருவது இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிறது. பறக்கும் பெரிய உடல் எப்படி இருக்கும் என்று அறிய இயற்கையிலேயே சான்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் எலும்பு கிடைத்த கெட்சால்கோட்லஸ் என்னும் அழிந்துபோன பறக்கும் ஊர்வனத்தின் சிறகுவிரிப்பு ஏறத்தாழ 10 மீட்டர். தரையில் இறங்கினால் சிறகை மடித்துக்கொண்டு நான்கு காலில் நடந்த விலங்கு அது. டிராகன் வரைய விரும்புகிறவர் டிராகன் படங்களைப் பார்ப்பதைவிட இந்த எலும்புக்கூட்டைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கண். இரையாகும் விலங்குக்குக் கண் தலையின் இரு பக்கங்களில் இருக்கிறது, எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காக. வேட்டையாடும் விலங்குக்கு முன்னோக்கி இருக்கிறது, தூரத்தைக் கணிப்பதற்காக. ஆட்டின் கண்மணி படுக்கைக் கோடு, பூனையின் கண்மணி நிமிர்ந்த கோடு. நீங்கள் படைக்கும் விலங்கு துரத்துவதா துரத்தப்படுவதா என்பதைக் கண்ணின் இடமே சொல்லிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் கற்பனையை முடக்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்ற சிறு சிற்பம் ஒன்று இருக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு உடல்களுக்கு ஒரே தலை. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. யானைத் தலையின் வரையெல்லையும் காளைத் தலையின் வரையெல்லையும் எங்கே ஒன்றோடொன்று பொருந்தும் என்று கண்டுபிடித்த கண் அது. இரண்டில் ஒன்றைச் சரியாக அறியாதவரால் அந்தக் கோட்டைக் கண்டிருக்கவே முடியாது. அங்கே கற்பனை பிறந்ததே அறிவிலிருந்துதான்.

இனி எழுத்தாளர்களிடம் வருகிறேன்.

சங்க இலக்கியத்தில் அசுணம் என்றொரு விலங்கு வருகிறது. யாழிசைக்கு மயங்கி நெருங்கி வரும். வேட்டுவர் உடனே பறையை முழக்குவார்கள். அந்த வன்மையான ஓசையைத் தாங்க முடியாமல் அது இறந்துபோகும். அதன் உடம்பைப் பற்றிப் புலவர்கள் நமக்குச் சொன்னது மிகக் குறைவு. ஆனால் அதன் செவியைப் பற்றி நமக்குத் தெரியும். அது எதை விரும்பும், எது அதைக் கொல்லும் என்பது தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகள் மறக்காமல் இருக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது. எழுத்தில் விலங்கைப் படைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. விலங்கின் புலனைச் சொல்லுங்கள். உங்கள் நாயகன் பார்ப்பதை அவன் நாய் பார்ப்பதில்லை, மோக்கிறது. அவனுக்கு வெற்றுத் தெருவாகத் தெரிவது நாய்க்கு நேற்று யார் யார் கடந்துபோனார்கள் என்ற முழுப் பதிவு. அதை ஒரு வரியில் காட்டினாலும் நாய் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர். அங்கே முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்: நாயின் பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. அரசன் பெயரும் வீரன் பெயரும் உள்ள அதே கல்லில் ஒரு நாயின் பெயரும் அது செய்த செயலும் இருக்கின்றன. கதையில் விலங்குத் துணை எப்படி அமைய வேண்டும் என்பதற்கான இலக்கணம் முழுவதும் அந்தச் சிறு பொறிப்பில் அடங்கியிருக்கிறது. அதற்குப் பெயர் இருக்கிறது. அதற்கென ஒரு செயல் இருக்கிறது. அந்தச் செயல் தலைவன் ஏவியதா, தானாகச் செய்ததா என்று நம்மைக் கேட்க வைக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே நடுகல் உண்டு. அதில் அது எந்தச் சேரியின் சேவல் என்றும் எழுதியிருக்கிறார்கள். விலங்கை ஒரு தனி ஆளாக மதிக்கும் பழக்கம் நம் கல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

தனி ஆள் என்றால் அதற்குச் சொந்த விருப்பம் இருக்க வேண்டும். இதைத்தான் பல கதைகள் மறந்துவிடுகின்றன. நாயகன் அழுதால் நாயும் அழும், அவன் போனால் குதிரையும் போகும், அவன் விசிலடித்தால் பருந்து வந்து தோளில் உட்காரும். இப்படி எழுதப்படும் விலங்கு நாயகனின் நிழல். நிழலைத் துணை என்று சொல்ல முடியாது.

நல்ல படைப்புகளைப் பாருங்கள். ரட்யார்ட் கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ 1894இல் வந்தது. அதில் மௌக்லிக்குத் துணையாக வரும் கருஞ்சிறுத்தை பகீரா காட்டில் பிறந்தது அன்று. உதய்பூர் அரண்மனைக் கூண்டில் பிறந்தது. அதன் தாடைக்குக் கீழே முடி தேய்ந்த ஓரிடம் இருக்கிறது, கழுத்துப்பட்டை கிடந்த தடம். அதை மௌக்லியிடம் மட்டும்தான் காட்டுகிறது. அந்த ஒரு தேய்ந்த இடத்தால் பகீராவுக்கு ஒரு கடந்தகாலமும் ஒரு ரகசியமும் கிடைத்துவிடுகின்றன. மனிதரிடம் அது காட்டும் எச்சரிக்கைக்கும், மனிதக் குழந்தையிடம் காட்டும் பரிவுக்கும் காரணம் அங்கே இருக்கிறது.

பிலிப் புல்மன் 1995இல் எழுதிய ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலில் ஒவ்வொரு மனிதருக்கும் விலங்கு வடிவில் ஒரு துணை உயிர் உண்டு. குழந்தைப் பருவத்தில் அது வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். வளர்ந்ததும் ஒரே வடிவில் நின்றுவிடும். மனிதரும் அதுவும் ஒருவரைவிட்டு ஒருவர் அதிகம் விலக முடியாது, விலகினால் இருவருக்கும் வலிக்கும். இது முழுக்கக் கற்பனை. ஆனால் கற்பனைக்குச் சட்டம் இருக்கிறது, சட்டத்தை மீறினால் வலி இருக்கிறது. அதனால் நம்புகிறோம். உங்கள் மாயவிலங்கு எதையும் செய்யக்கூடியது என்று எழுதிவிட்டால் அதற்கு ஆபத்தே இல்லாமல் போகும். வாசகருக்கும் அதன்மீது அக்கறை இல்லாமல் போகும்.

தமிழில் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இருக்கிறது. பிச்சியின் தகப்பனைக் குத்திக் கொன்ற காளை காரி. அதை அணையத்தான் பிச்சி வாடிவாசலில் நிற்கிறான். கதை முழுவதும் மனிதர்களுக்கு மானம், பழி, ஜமீன் பெருமை என்று ஆயிரம் கணக்கு. காளைக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை. அது காளையாக மட்டுமே நிற்கிறது; திமிலும் கொம்பும் மூச்சுமாக நிற்கிறது. செல்லப்பா அதை வில்லனாக்கவில்லை. அதனால்தான் ஜமீன்தார் துப்பாக்கியை எடுக்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையையும் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை நினைவில் கொண்டு எழுதப்பட்டது அது. காட்டில் சுற்றுலாப் பயணிகள் உடைத்துப் போடும் மதுப்புட்டியின் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அக்கதை விரித்துச் சொல்கிறது. அந்தப் பாதத்தின் மென்மையைப் பற்றிச் சற்று முன்புதான் பேசினோம். ஓவியருக்கு வடிவமாகப் பயன்படும் அதே உண்மை, எழுத்தாளர் கையில் அறக்கேள்வியாகிறது. இரண்டு வேலைக்கும் அடித்தளம் ஒன்றுதான் என்று நான் சொன்னது இதனால்தான்.

சரித்திரக் கதை எழுதுகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் குதிரைக்குத் தீனி போடுங்கள். நம் சரித்திரக் கதைகள் பலவற்றில் குதிரை இரவெல்லாம் ஓடுகிறது. தண்ணீர் குடிப்பதில்லை, கால் நொண்டுவதில்லை, லாடம் கழல்வதில்லை. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியானதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை பெரும்பாலும் மாண்டதையும், அவற்றுக்கு வேகவைத்த இறைச்சியும் சோறும் தீனியாகப் போட்டதையும் எழுதியிருக்கிறார். ஒரு நாவலுக்குத் தேவையான துயரமும் அரசியலும் வணிகமும் இதற்குள் இருக்கின்றன. குதிரையைக் கவனித்த எழுத்தாளருக்கு நாட்டின் வரலாறே கிடைக்கும்.

மகாபாரதத்தின் முடிவில் தருமனைப் பின்தொடர்ந்து வரும் நாயை எண்ணிப் பாருங்கள். உடன்பிறந்தோரும் திரௌபதியும் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் அது வருகிறது. பேசவில்லை, சாகசம் செய்யவில்லை. நடந்து வருகிறது, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டுச் சொர்க்கத் தேரில் ஏற மாட்டேன் என்று தருமன் மறுக்கிறான். ஒரு விலங்கு கதையில் பெரிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. அதை முன்னிட்டு ஒரு மனிதன் முடிவெடுக்கும்படி நேர வேண்டும், அப்போது அவன் யார் என்பது வெளிப்பட வேண்டும். துணை விலங்கின் கடமை அதுதான்.

நண்பர்களே, நிறைவாக இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஓவியர்களே, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போங்கள். முடியாதவர்கள் தெருநாயையோ பக்கத்து வீட்டு மாட்டையோ உட்கார்ந்து வரையுங்கள். முதலில் எலும்பை, பிறகு தசையை, கடைசியில் தோலை வரையுங்கள். அது கைக்குப் பழகிய பிறகு யாளியிடம் வாருங்கள். கணினித் திரையில் கிடைக்கும் படத்தைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டே போனால், அடுத்தவர் செய்த பிழையும் சேர்ந்து உங்கள் கைக்கு வந்துவிடும்.

எழுத்தாளர்களே, உங்கள் கதையின் விலங்கு நாயகன் விரும்பாத ஒன்றைத் தானாகச் செய்யும் ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள். அவன் அழைக்கும்போது அது வராமல் இருக்கட்டும், அல்லது அவன் போகச் சொல்லும்போது போகாமல் நிற்கட்டும். அந்தப் பக்கம் இயல்பாக வந்தால் உங்கள் விலங்குக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். வரவில்லை என்றால் அந்த விலங்கைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். அரைகுறையாகப் படைக்கப்பட்ட துணையைவிடத் தனியாக நடக்கும் நாயகன் எவ்வளவோ மேல்.

உயிர்களைக் கவனிக்கும் பழக்கம் குறையக் குறைய நம் கற்பனையும் வறண்டுபோகும். அந்தப் பழக்கத்தை உங்கள் தலைமுறை காப்பாற்ற வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.